ஆன் ஆர்பர் சீசன்: ஆளைப் பார்ப்பதற்கு முன் அரங்கைப் பாருங்கள்

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் ஊரில், மிச்சிகன் பல்கலைக்கழக வளாகத்தில் இசை, நாடகம், நடனம் என்று ஆண்டுதோறும் பெரிய சீசனை நடத்துவது யுனிவர்சிட்டி மியூசிக்கல் சொசைட்டி. ஊரில் யு.எம்.எஸ். என்றால்தான் தெரியும். செப்டம்பர் வாக்கில் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும். பட்டியல் வந்ததும் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்து டிக்கெட் போடுவதுதான் எல்லோர் வழக்கமும். பணம் வீணாவது அங்கேதான். இந்த சீசனுக்கு ஒரே அரங்கு கிடையாது. ஹில் ஆடிட்டோரியம், ராக்கம், பவர் சென்டர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று இடங்கள். போதாததற்கு அவ்வப்போது மிச்சிகன் தியேட்டர், லிடியா மெண்டல்சன் தியேட்டர். ஒரே வயலின் ஓர் அரங்கில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போலவும், இன்னொன்றில் அடுத்த தெருவிலிருந்து வருவது போலவும் கேட்கும்.

முதலில் ஹில். 1913இல் திறந்த கட்டடம், சுமார் 3,500 இருக்கைகள். வடிவமைத்தவர் டெட்ராய்ட்டின் ஆல்பர்ட் கான். ஒலிக்கு ஆலோசனை சொன்னவர் ஹியூ டாலன்ட். மைக்கே இல்லாத காலத்து மண்டபம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். டார்ச் விளக்கைக் கழற்றினால் உள்ளே பல்புக்குப் பின்னால் ஒரு வெள்ளிக் கிண்ணம் இருக்குமே, மேடைக்குப் பின்சுவரும் கூரையும் சேர்ந்து அந்தக் கிண்ணத்தின் வளைவுதான். பல்பு இருக்கும் இடத்தில் பாடகர் நிற்கிறார். குரல் பின்னால் வீணாகாமல் வளைவில் பட்டு நேராகச் சபையை நோக்கித் திரும்புகிறது. அதனால்தான் இந்த அரங்கில் தலைகீழான ஒரு கணக்கு செல்லும்: விலை குறைந்த பால்கனி இருக்கை, விலை கூடிய கீழ்த்தளத்தின் பாதி இருக்கைகளைவிட நன்றாகக் கேட்கும்.

கீழ்த்தளத்தில் முதல் ஏழெட்டு வரிசைகளில் உட்கார்ந்தால் முன்னால் இருக்கும் வயலின்காரர்களின் காலணிகளை நன்றாகப் பார்க்கலாம். மரக்காற்றுக் கருவிகளும் கொம்புகளும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். சத்தமும் தலைக்கு மேலே போய்விடும். அதைவிட மோசம் கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகள். தலைக்கு மேல் மெசனைன் என்ற நடுமாடி நீட்டிக்கொண்டிருக்கிறது. கூரையிலிருந்து வரவேண்டிய ஒலி அதில் தடைபட்டு, போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல் மேல் ஸ்தாயி மட்டும் மங்கும். இருக்கை வரைபடத்தில் இவை 'கீழ்த்தளம்' என்ற கௌரவத்தோடு வரும், ஏமாறவேண்டாம். சிம்பனிக்கு மெசனைன் நடுப்பகுதி. கை கடித்தால் பால்கனி நடு முன்வரிசைகள். பால்கனி செங்குத்தானது, படியும் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் டிக்கெட் வாங்கும்போதே லிஃப்ட்டுக்கு அருகில் கேட்டு வாங்குவது நல்லது.

பியானோ தனிக் கச்சேரிக்கு இன்னொரு கணக்கு. வாசிப்பவரின் விரல்களைப் பார்க்கவேண்டுமானால் நம் இடதுகைப் பக்கம். ஆனால் பியானோவின் மூடி திறப்பது வாசிப்பவரின் வலப்பக்கம், அதாவது சபையை நோக்கி. நாதம் நடுவிலும் நம் வலப்பக்கத்திலும்தான் முழுதாக வரும். விரலா, நாதமா என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள். மெசனைனில் நடுவுக்குச் சற்று இடதாக உட்கார்ந்தால் இரண்டிலும் முக்கால்வாசி கிடைக்கும்.

கிண்ணத்துக்கு மறுபக்கமும் உண்டு. மேடையிலிருந்து ஒலி சபைக்குப் போகும் அதே வழியில் சபையிலிருந்து மேடைக்கும் திரும்பி வரும். பால்கனியில் ஒருவர் இருமினால் மேடையில் இருப்பவருக்குக் காதருகே இருமியது போல் இருக்கும். தொண்டைக்கு மிட்டாய் வேண்டுமென்றால் காகிதத்தைக் கச்சேரி தொடங்கும் முன்பே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறையாது, நீளும்.

ஒலிபெருக்கி வந்தவுடன் இந்த வரங்கள் எல்லாம் சாபமாகிவிடும். ஸ்பீக்கர்கள் பல்பு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, இருபுறமும் தொங்குகின்றன. வளைவு அந்த ஒலியை எங்கெங்கோ சிதறடிக்கும். ஜாஸ் குழுவின் பேஸ் கிட்டார், தபலாவின் இடதுகைப் பக்கமான பாயான், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, கார்வை தேவைக்கு மேல் நீளும். துரித காலத்தில் சொற்கட்டு தெளியாது. மைக் வைத்த கச்சேரி என்றால் ஹில்லில் கீழ்த்தளத்தின் நடுப்பகுதி, பத்தாவது வரிசையிலிருந்து இருபதாவதுக்குள் பாருங்கள். ஸ்பீக்கரின் நேரடி ஒலி எதிரொலியை முந்திக்கொண்டு காதுக்கு வரும் இடம் அதுதான். சிம்பனிக்கு மேலே, மைக்குக்குக் கீழே என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

ஹில்லை 2002இல் மூடிப் புதுப்பித்து 2004 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். வளைவைத் தொடாமல் விட்டதுதான் அந்த வேலையில் மெச்சவேண்டிய விஷயம். அதே ஆண்டு இசையமைப்பாளர் வில்லியம் போல்கம் ஆங்கிலக் கவிஞர் பிளேக்கின் கவிதைகளுக்கு அமைத்த பெரும் இசைப்படைப்பு, பல்கலைக்கழக மாணவர்களும் யு.எம்.எஸ். சேர்ந்திசைக் குழுவும் பங்கேற்க, லெனர்ட் ஸ்லாட்கின் நடத்த, இங்கே பதிவானது. 2006இல் கிராமி விருதுகள் பெற்றது. 2022 நவம்பரில் பெர்லின் பில்ஹார்மோனிக் இரண்டு இரவு வாசித்ததும் இங்கேதான். மேடையின் பின்புறம் ஆர்கன் என்ற வாத்தியத்தின் வண்ணம் தீட்டிய குழாய்கள் தெரியும். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காகச் செய்த ஆர்கனின் வழி வந்தது அது, யு.எம்.எஸ்ஸின் முதல் தலைவர் ஹென்றி ஃப்ரீஸின் பெயர் கொண்டது.

ஹில்லில் நாடகமோ நடனமோ பார்க்க ஆசைப்படாதீர்கள். மேடைக்கு மேலே திரை தூக்க இடமில்லை, பக்கவாட்டில் நடனக்காரர் ஓடி மறைய இடமில்லை. அதற்கென்றே வந்தது பவர் சென்டர். 1971இல் திறந்தது, கெவின் ரோச்சும் ஜான் டிங்கலூவும் வடிவமைத்தது, சுமார் 1,300 இருக்கைகள். எந்த இருக்கையும் மேடையிலிருந்து 72 அடிக்கு மேல் தள்ளியில்லை என்பது அதன் பெருமை, அது உண்மையும்கூட. முகபாவம் பின்வரிசை வரை எட்டும். நடனத்துக்குக் கீழே முன்வரிசை வாங்குபவர்கள் பாதத்தைப் பார்க்கலாம், கோலத்தைப் பார்க்க முடியாது. குழுவாக ஆடும்போது வரிசைகள் குறுக்கும் நெடுக்கும் கலைந்து சேர்வது பால்கனியின் முதல் இரண்டு வரிசைகளிலிருந்துதான் தெரியும். பாதவேலை முக்கியமான தனி நடனத்துக்கு மட்டும் கீழே போங்கள். வாத்திய இசைக்கு இந்த அரங்கு சற்று உலர்ந்தது, கார்வை குறைவு. வசனத்துக்கு அதுவே நல்லது.

ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2001இல் வரலாற்று நாடகங்களோடு வந்து தங்கியது இங்கே. 2012 ஜனவரியில் பிலிப் கிளாஸ், ராபர்ட் வில்சன் இருவரின் 'ஐன்ஸ்டீன் ஆன் தி பீச்' ஓபரா உலகச் சுற்றுக்குக் கிளம்பும் முன் முதலில் மேடையேறியதும் இங்கே. நாலரை மணி நேரம், இடைவேளை கிடையாது, வேண்டும்போது எழுந்து வெளியே போய் வரலாம் என்று அனுமதி. விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

ராக்கம் 1938இல் கட்டிய பட்டமேற்படிப்புக் கட்டடத்துக்குள் இருக்கிறது. சுமார் 1,100 இருக்கைகள், அரைவட்டம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நால்வர் குழுக்கள் வாசிக்கும் கச்சேரித் தொடர் பெரும்பாலும் இங்கேதான். சீசனில் கொடுத்த காசுக்கு முழு மதிப்பு தருவது இந்தத் தொடர் என்று தயங்காமல் சொல்லலாம். நடு ஆறேழு வரிசைக்குள் உட்கார்ந்தால் செல்லோக்காரர் மூச்சிழுத்துத் தொடங்குவது கேட்கும். ஓரத்துக்குப் போகப் போக ஒலி சாய்ந்துவிடும்: அரைவட்டத்தின் வலக்கோடியில் செல்லோ முதுகைக் காட்டும், முதல் வயலின் மட்டும் தூக்கலாக வரும். நல்ல இருக்கைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆண்டுதோறும் வாங்கும் சந்தாதாரர்கள் அவற்றை விடுவதில்லை. தனி டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளிலேயே இந்தத் தொடருக்கு முதலில் கை வையுங்கள். ஹில் எங்கேயும் ஓடிப்போகாது.

டிசம்பரில் 'மெசையா', இயேசுவைப் பற்றிய பெரிய சேர்ந்திசைப் படைப்பு. யு.எம்.எஸ். பிறந்ததே ஹாண்டெலின் இந்தப் படைப்பைப் பாட 1879இல் ஊர்க்காரர்கள் கூடியதிலிருந்துதான். இன்றும் சேர்ந்திசைக் குழுவில் பாடுபவர்கள் சம்பளத்துக்குப் பாடுபவர்கள் அல்லர். பயிற்சிக்கு மாலையில் வரும் மாணவர்களும் ஊர்க்காரர்களும்தான். தொழில்முறைக் குழுக்களின் கூர்மை எல்லா இடத்திலும் இருக்காது. ஓடும் துரிதச் சுரங்களில் உயிரெழுத்துகள் கொஞ்சம் பிசுபிசுக்கும். ஆனால் அத்தனை தொண்டைகள் அந்தக் கிண்ணத்துக்குள் ஒரே நேரத்தில் திறப்பதை வேறெங்கும் கேட்க முடியாது.

அதில் ஒரு சின்னச் சங்கடம். அதில் வரும் 'அல்லேலூயா' பாட்டு தொடங்கியதும் சபை எழுந்து நிற்பது வழக்கம். குரல்கள் சேரும் முன் வயலின்கள் மூன்று பார் (தாளச் சுற்று) மட்டும் வாசிக்கும், பத்து விநாடிகூட இருக்காது. மூவாயிரம் பேர் எழ, மூவாயிரம் இருக்கைகள் மடிந்து மேலே அடிக்க, மடியிலிருந்த கையேடுகள் கீழே விழ, அந்த மூன்று பாரும் போயேபோய்விடும். இருக்கையைக் கையால் பிடித்துக்கொண்டு எழுந்தால் உங்கள் வரிசைக்காவது புண்ணியம். 'அல்லேலூயா'வைக் கேட்டதும் முடிந்துவிட்டது என்று கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும் கூட்டமும் உண்டு. தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகும் நம்மவர்களின் அண்ணன் தம்பிகள். மூன்றாம் பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எக்காளத்தோடு கட்டைக் குரல் பாடும் பாடலும் கடைசி 'ஆமென்'னும் அதில்தான் இருக்கின்றன. மொத்தத்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். குழந்தைகளை முதல் முறையாக அழைத்துப் போகிறீர்கள் என்றால் ஞாயிறு பகல் காட்சி.

மேற்கத்தியக் கச்சேரிக்குப் புதியவர்கள் தடுமாறுவது கைதட்டலில். கையேட்டில் ஒரு படைப்பின் பெயருக்குக் கீழே மூன்றோ நாலோ வரிகள் உள்தள்ளி அச்சிட்டிருக்கும். அவை அதன் பகுதிகள். கடைசி வரி வாசித்து முடியும்வரை தட்டுவதில்லை. எண்ணிக்கை தவறினால் நடத்துனரின் கைகளைப் பாருங்கள். கை கீழே இறங்கி அவர் தோள்கள் தளரும் வரை பொறுங்கள். தொடையில் தாளம் போடுவது, 'ஆஹா' சொல்வது இரண்டையும் ராக்கத்தில் அடியோடு மறந்துவிடவேண்டும். இந்தியக் கச்சேரி என்றால் தாராளமாகச் சொல்லலாம், வாசிப்பவரே எதிர்பார்ப்பார்.

காசு விஷயம். நாலைந்து நிகழ்ச்சிகளுக்கு மேல் போவதாக இருந்தால் தொடர் டிக்கெட் எடுப்பது லாபம். தள்ளுபடியைவிட இருக்கைத் தேர்வில் முன்னுரிமை கிடைப்பதுதான் அதில் பெரிது. மாணவர்களுக்குத் தனி விலை உண்டு. பல்கலைக்கழக அடையாள அட்டையை மறக்காதீர்கள். பலருக்குத் தெரியாதது, பல்கலைக்கழகத்தின் இசை, நாடக, நடனப் பள்ளி தனக்கென்று வேறொரு சீசன் நடத்துகிறது என்பது. மாணவர் சிம்பனி அதே ஹில்லில் வாசிக்கிறது, பெரும்பாலான கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. அரங்கின் எந்த மூலை எப்படிக் கேட்கும் என்று சோதித்துப் பார்க்க இதைவிட வசதி வேறில்லை: முதல் பாதியை மெசனைனில், இரண்டாம் பாதியை பால்கனியில் கேளுங்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பணம் கட்டும் முன் உங்கள் காதுக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேன்டன், நோவை பக்கமிருந்து காரில் வருபவர்கள் இலையுதிர் காலச் சனிக்கிழமைகளுக்கு டிக்கெட் போடும் முன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அட்டவணையைப் பாருங்கள். ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் அமரலாம். 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகையே 1,23,851தான். உள்ளூர் ஆட்டம் இருக்கும் நாளில் சாலை, பார்க்கிங், ஓட்டல் எதுவும் உங்கள் கையில் இருக்காது. மற்ற நாட்களில் ஹில்லுக்கு மேனார்ட் தெரு அடுக்குமாடி வாகன நிறுத்தம் வசதி. பத்து நிமிடத்துக்குள் நடந்துவிடலாம். பவர் சென்டருக்கு ஃப்ளெட்சர் தெரு, பாமர் டிரைவ் பக்கம் பாருங்கள். மாலைக் காட்சிகள் பெரும்பாலும் 7.30க்கு, 6.45க்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள். கச்சேரி முடிந்ததும் எல்லோரும் ஒரே வாயிலை நோக்கித்தான் ஓட்டுவார்கள், அதனால் மேல் தளத்தைவிட வெளிவாயிலுக்குப் பக்கத்தில் இடம் தேடுவது மேல்.

பருத்த குளிர்கால ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். நைலான் துணி உரசும் 'சர்' சத்தம் சன்னமாக ஒலிக்கும் பகுதிகளில் ஐந்து வரிசைக்குக் கேட்கும். கழற்றி முதுகுக்குப் பின்னால் போட்டு அதன் மேல் சாய்ந்துகொள்ளுங்கள். தாமதமாக வந்தால் முதல் இடைநிறுத்தம் வரை வெளியே நிற்கவேண்டும். இடைவேளையே இல்லாத ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி என்றால் உள்ளே விடாமலும் போகலாம், அது டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

சபா கேன்டீன் ஞாபகத்தோடு வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். இங்கே கீரை வடையும் இல்லை, அசோகாவும் இல்லை. ஸ்டேட் தெருவில் ஆறு மணிக்கே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.