யுங்ஃப்ராவின் அடியில் நான்கு ஊர்கள்: எதில் தங்குவது?

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் நகருக்குத் தெற்கே ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றைக் காணச் செல்பவர்கள் பயணத் திட்டத்தில் முதலில் எழுதுவது, 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராவ்யோஹ் ரயில் நிலையத்தின் பெயரைத்தான். எங்கே தங்குவது என்ற யோசனை அதற்குப் பிறகே வருகிறது. இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்பது என் கருத்து. மேலே ஏறி இறங்க ஒரு பகல் போதும், மற்ற நேரமெல்லாம் கழிவது தங்கிய ஊரில்தான். கிரிண்டல்வால்ட், லாட்டர்புருன்னன், வெங்கன், மூரன் என்று நான்கு ஊர்கள் இதற்குப் போட்டியிடுகின்றன. நான்கும் சுற்றிச் சுற்றி அதே மலைகளின் அடியில் இருப்பதால், எங்கிருந்து காட்சி அழகு என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. மேகம் இறங்கிவிட்ட நாளில் அந்த ஊரில் என்ன செய்யலாம், வானம் தெளியும் இரண்டு மணி நேரத்துக்குள் எவ்வளவு விரைவாக மேலே போய்ச் சேரலாம் என்பவையே தேர்வைத் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் புறப்படும் ரயில் ஸ்வைலூட்ஷினன் என்ற சிறு நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி சுமார் 20 நிமிடங்களில் லாட்டர்புருன்னனுக்கும் மறு பாதி சுமார் 35 நிமிடங்களில் கிரிண்டல்வால்டுக்கும் செல்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் ஊரின் பெயரைப் பார்க்காமல் ஏறினால் வேறு பள்ளத்தாக்கில் இறங்க நேரிடும். இந்த இரண்டு ஊர்களுக்கும் கார் போகும். வெங்கனுக்கும் மூரனுக்கும் போகாது. காரை லாட்டர்புருன்னன் நிலையத்து அடுக்கு வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஏறலாம்.

விரைவு என்ற கேள்விக்கு மறுபேச்சில்லாத விடை கிரிண்டல்வால்ட். 1,034 மீட்டர் உயரத்தில் அகன்ற பள்ளத்தாக்கில் பரந்து கிடக்கும் இந்த ஊர்தான் நான்கில் பெரியது. 2020 டிசம்பரில் இங்கே திறக்கப்பட்ட ஐகர் எக்ஸ்பிரஸ் என்ற கம்பிவட ஊர்தி, 26 பேர் அமரும் கேபின்களில் 15 நிமிடங்களில் 2,320 மீட்டர் உயரத்திலுள்ள ஐகர்கிளெட்ஷர் நிலையத்தில் சேர்க்கிறது. அங்கிருந்து மலையைக் குடைந்து செல்லும் ரயிலில் ஏறினால், கிளம்பி முக்கால் மணி நேரத்தில் யுங்ஃப்ராவ்யோஹ் வந்துவிடும். காலையில் நேரலைக் கேமராவில் மேலே வெயில் அடிப்பதைப் பார்த்துவிட்டு, அதன்பின் சீட்டு வாங்கினாலும் மேகத்தை முந்திக்கொள்ள முடிகிறது என்பது சிறிய வசதியன்று. அதற்கான விலையும் உண்டு. ஊர்தி கிளம்பும் முனையம் விமான நிலையத்தைப் போன்ற கட்டடம். கடைகள், வரிசைகள், குழுத் தலைவர் உயர்த்திப் பிடிக்கும் கொடி என எதற்கும் குறைவில்லை. மலைக் கிராமத்தில் இருக்கிறோம் என்ற உணர்வே அங்கே வராது.

ஆனால் கிரிண்டல்வால்டை முனையத்தை வைத்து எடைபோடுவது நியாயமாகாது. ஊரின் தலைக்கு மேல் சுமார் 1,800 மீட்டர் செங்குத்தாக எழும் ஐகரின் வடமுகத்தை இவ்வளவு அருகில் நின்று பார்க்க வேறு எந்த ஊரும் இடம் தருவதில்லை. பலரை பலிகொண்ட பின்னர், 1938 ஜூலையில் ஹெக்மயர், ஃபோர்க், ஹாரர், காஸ்பரெக் என்ற நால்வர் முதன்முதலாக அந்தச் சுவரை ஏறி முடித்தனர். ஐகர்கிளெட்ஷரிலிருந்து ஆல்பிக்லன் நோக்கி இறங்கும் ஐகர் பாதை அந்தச் சுவரின் காலடியை ஒட்டியே செல்கிறது. சுமார் 6 கிலோமீட்டர், இரண்டு மணி நேர நடை. ஒரு பக்கம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, காலடியில் மேலிருந்து உதிர்ந்த சரளைக் குவியல், ஆங்காங்கே பாதையின் குறுக்கே உருகி ஓடும் பனிநீர், மறுபக்கம் கீழே மாட்டு மணிகள் ஒலிக்கும் பசும்புல் என ஒரே நடையில் எல்லாம் அமைகிறது. பாதையில் ஆள் நடமாட்டம் இருந்தாலும், யுங்ஃப்ராவ்யோஹ் பார்வை மேடையின் நெரிசல் இங்கே இல்லை. இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருக்கிறது என்றால் நான் இந்த நடையையே பரிந்துரைப்பேன்.

லாட்டர்புருன்னனின் நிலை வேறு. பனியாறு செதுக்கிய பள்ளத்தாக்கின் அடித்தளத்தில், சுமார் 800 மீட்டர் உயரத்தில், இரு புறமும் செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவே இந்த ஊர் அமைந்திருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டர் விழும் ஸ்டௌப்பாக் அருவியின் நீர் பாதி வழியிலேயே காற்றில் சிதறித் திவலையாகி விடுகிறது. மாதாக் கோயிலோடு சேர்த்து எடுக்கும் அந்தப் படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதைவிட எனக்குப் பிடித்தது, சற்றுத் தள்ளி மலைக்குள் ஒளிந்திருக்கும் ட்ரூமல்பாக். ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றின் பனிப்பாளங்களும் உருகும் நீர் இந்த ஒரே பிளவு வழியாக, உச்ச நேரத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை, பத்து அருவிகளாகப் பாய்கிறது. பாறைக்குள் குடைந்த சுரங்கத்தில் ஓடும் மின்தூக்கியில் ஏறி, ஈரம் சொட்டும் படிகளில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. கைப்பிடிக் கம்பிகூட அதிர்வதை உள்ளங்கை உணரும். மழைக்கோட்டு தேவை, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். மலை முழுவதும் மேகத்தில் மறைந்த மழைநாளில் இந்த வட்டாரத்தில் இதற்கு இணையாகச் சொல்ல வேறு இடம் இல்லை.

அப்படியானால் லாட்டர்புருன்னனிலேயே தங்கிவிடலாமே என்று தோன்றும். நான் தயங்குவதற்குக் காரணம் இரண்டு. சுவர்களுக்கு இடையே கிடப்பதால், சூரியன் தாழ்ந்து செல்லும் குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் மிகக் குறுகிவிடுகிறது. இரண்டாவது, வட்டாரத்தின் எல்லாப் போக்குவரத்தும் இந்த ஒற்றைத் தெருவில் வந்து மாறுவதால் கோடையில் நண்பகல் வேளையில் நடைபாதையில் இறங்கி நடப்பதே சிரமம். காரில் வந்து போகும் பகல்நேரப் பயணிகளிடம் கட்டணம் வாங்கலாமா என்று 2024-இல் ஊர்க்காரர்கள் விவாதிக்கும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. ட்ரூமல்பாக்கைப் பார்க்க இங்கே வந்து போகலாம், அதற்காக இங்கே தூங்க வேண்டியதில்லை.

மீதமுள்ள இரண்டும் அந்தச் சுவர்களின் விளிம்பில், பள்ளத்தாக்கின் இருபுறமும் எதிரெதிராக அமர்ந்திருக்கும் ஊர்கள். மேற்குத் திண்டில் 1,638 மீட்டர் உயரத்தில் மூரன். கிழக்குத் திண்டில் 1,274 மீட்டர் உயரத்தில் வெங்கன். மூரனில் இருப்பவருக்குக் காலைச் சூரியன் சிகரங்களுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அதனால் காலையில் மலைகள் கரிய உருவங்களாக நிற்க, மாலையில்தான் ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றும் எதிரே செந்நிறம் கொள்கின்றன. வெங்கன் மேற்கே பார்த்திருப்பதால் மாலை வெயில் நெடுநேரம் தெருவிலேயே தங்குகிறது. காட்சியின் கம்பீரத்தில் மூரனுக்கே முதல் இடம். அதற்கு மேலே 2,970 மீட்டரில் ஷில்ட்ஹார்ன் என்ற தனிச் சிகரமும் சுழலும் உணவகமும் உண்டு. 2024 டிசம்பரில் திறந்த, ஸ்டெஹல்பெர்கிலிருந்து நேராக மூரனுக்கு ஏறும் கம்பிவட ஊர்தி உலகிலேயே மிகச் செங்குத்தானது என்று பெயர் பெற்றிருக்கிறது.

இருந்தும் மூரனின் குறை விரைவு. யுங்ஃப்ராவ்யோஹ் போக வேண்டுமானால் முதலில் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, எதிர்ச்சுவரில் மறுபடி ஏறி, வண்டி மாறி மாறிப் போக வேண்டும். வானம் தெளிந்த செய்தி கிடைத்து அங்கே சேர்வதற்குள் மேகம் திரும்பி வந்துவிடலாம். வெங்கனில் அந்தத் தொல்லை இல்லை. 1893-இலிருந்து ஓடும் பல்சக்கர ரயில் ஊருக்கு நடுவே நின்று, 2,061 மீட்டரிலுள்ள க்ளைன ஷைடெக் நிலையத்துக்குச் செல்கிறது. அங்கே வண்டி மாறினால் யுங்ஃப்ராவ்யோஹ். ஊரிலிருந்தே மென்லிகன் மேட்டுக்கு ஊர்தி ஏறுகிறது, அங்கிருந்து க்ளைன ஷைடெக் வரை ஒன்றரை மணி நேர நடை பெரும்பாலும் இறக்கமே என்பதால் வயதானவர்களும் சமாளிக்கலாம். மழை பிடித்தால் கால் மணி நேரத்தில் லாட்டர்புருன்னனுக்கு இறங்கி ட்ரூமல்பாக்கில் நுழையலாம். நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் தேர்ச்சி பெறுவது வெங்கன் ஒன்றே. ஜனவரியில் லாபர்ஹார்ன் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும் வாரம் மட்டும் விதிவிலக்கு. அப்போது அறை கிடைப்பதே அரிது.

செலவைப் பொறுத்தவரை, சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு நான்கு ஊர்களும் ஒன்றுதான்: ஊர் வரை தனிச் சீட்டு வேண்டாம், வெங்கனுக்கோ கிரிண்டல்வால்டுக்கோ மேலே யுங்ஃப்ராவ்யோஹ் போக 25 சதவீதத் தள்ளுபடி. உணவில் வேறுபாடு உண்டு. கிரிண்டல்வால்டில் தேர்வு அதிகம், மூரனில் குறைவு. துருவிய உருளைக்கிழங்கை வறுத்துச் செய்யும் ரோஷ்டியில், பெர்ன் பாணியில் பன்றி இறைச்சித் துண்டுகள் கலப்பது வழக்கமாதலால் சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. ஏப்ரல் பிற்பகுதியிலும் நவம்பரிலும் மூரனிலும் வெங்கனிலும் பல விடுதிகள் மூடியிருக்கும், ஊர்திகள் பராமரிப்புக்கு நிற்கும்; அந்த மாதங்களில் போகிறவர்கள் என் தரவரிசையை ஒதுக்கிவிட்டுக் கிரிண்டல்வால்டையே எடுத்துக்கொள்ளட்டும். ஃபோன் என்ற வெப்பமான தென்காற்று வீசும் நாள்களில் வானம் பளிச்சென்று இருந்தும் கம்பிவட ஊர்திகளை நிறுத்திவிடுவார்கள் என்பதையும், அன்றைக்கும் தண்டவாளத்தில் ஓடும் வெங்கன் ரயிலைப் பெரும்பாலும் நம்பலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கைக்குழந்தையோடும் பெரிய பெட்டிகளோடும் ஒரே இரவு தங்குபவருக்குக் கிரிண்டல்வால்ட் போதும். நான்கு இரவுகள் இருந்தால் மூன்றை வெங்கனிலும், வானிலை அறிக்கை தெளிந்த மாலையைச் சொல்லும் ஒன்றை மூரனிலும் வைத்துக்கொள்ளலாம். பெட்டிகளை வெங்கன் விடுதியிலேயே விட்டுவிட்டு, ஒரு தோள்பையோடு மூரனுக்குப் போய் வருவதே சுலபம்.