காது மெத்தை உரிகிற ஊரில் ஒரு நல்ல ஹெட்போன்

நான் சில வருடங்களாகப் பாவித்து வரும் ஹெட்போனின் விலை இறங்கிவிட்டது. "உன்னிடம் இருப்பது அதுதானே, வாங்கலாமா?" என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேள்வி வந்த நேரம் நல்ல நேரமில்லை. சென்ற வாரம்தான் அதன் காது மெத்தைகளை மறுபடியும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுச் சோடி மாட்டினேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். இந்த வகை ஹெட்போனின் ஒலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வெக்கையில் அதை மாட்டிக்கொண்டு ஒரு கச்சேரியை முழுதாகக் கேட்டு முடிப்பது எப்படி என்று சொல்பவரை நான் காணவில்லை.

மொடலின் பெயர் இங்கே வேண்டாம். காதை முழுவதும் மூடுகிற, பின்பக்கம் அடைத்த, வயர் உள்ள வகை. ஒலிப்பதிவுக் கூடங்களை மனதில் வைத்துச் செய்தது. செயற்கைத் தோல் மெத்தையோடு வருகிற எந்தக் கொம்பனியின் ஹெட்போனுக்கும் நான் சொல்வது பொருந்தும்.

அந்த மெத்தைதான் என் தீராத வழக்கு. முதலில் உள்விளிம்பில், காது மடலின் பின்பக்கம் படுகிற இடத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு தெரியும். விரலால் தடவினால் ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் அந்த வெடிப்பிலிருந்து கறுப்புத் தோல் மீன் செதில் போலக் கிளம்பும். அதன் பிறகு நிறுத்த முடியாது. காது மடலின் மடிப்புக்குள் கறுப்பு, கழுத்தில் கறுப்பு, வெள்ளைச் சேட்டின் கொலரில் கறுப்பு. படுத்துக்கொண்டு கேட்ட இரவுகளில் தலையணை உறையிலும் கறுப்பு. ஈரத் துவாயால் துடைத்தால் போகாது. ஒவ்வொரு துணுக்காகக் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். "காதுக்குள் என்ன கரி?" என்று அம்மா கேட்காத நாளில்லை.

காரணம் ஒன்றும் மர்மமல்ல. இந்தத் தோல், துணியின் மேல் பூசிய பொலியூரித்தேன் படலம். காற்றிலுள்ள ஈரம் அந்தப் படலத்தின் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். வியர்வையும் தலைக்கு வைக்கிற எண்ணெயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பாவிக்காமல் அலுமாரிக்குள் பூட்டி வைத்தாலும் உரியும், ஏனென்றால் அலுமாரிக்குள்ளும் ஈரம் இருக்கிறது. சுற்றிவரக் கடலும் களப்புமாக இருக்கிற குடாநாடு இது. சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டி நிற்கும்; இரவிலும் புழுக்கம் விடாது. குளிர் நாட்டில் இருப்பவர் "பல வருடங்களாகப் புதிது போலவே இருக்கிறது" என்று எழுதுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய அறை வேறு, நம்முடைய விறாந்தை வேறு.

விற்ற இடத்துக்கு எழுதிக் கேட்டேன். மெத்தை தேய்மானப் பொருள், உத்தரவாதத்தில் சேராது என்று பதில் வந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. செருப்பு தேய்வது நடப்பதால். இந்த மெத்தை உரிவது நான் பாட்டுக் கேட்டதால் அல்ல. வெப்ப நாடுகளுக்கும் அனுப்பி விற்கிற ஒரு பொருளுக்கு, வெப்பம் தாங்காத ஒன்றைத் தெரிந்தே தைத்து அனுப்பியதால். ஒலிக்காக அத்தனை கவனம் எடுத்தவர்களுக்கு, காதைத் தொடுகிற ஒரேயொரு பாகத்தில் கவனம் எங்கே போனது? அசல் மெத்தை இங்கே கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் தபால் செலவு மெத்தையின் விலையோடு போட்டி போடும். 2022 இல் ரூபாய் சரிந்து, 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360 ஐத் தாண்டியபோது, ஒரு சோடி மெத்தைக்குக் கேட்ட விலையில் வீட்டுக்கு ஒரு புது மின்விசிறி வாங்கியிருக்கலாம்.

அதனால் வேறு கொம்பனியின் மலிவான மெத்தைகளைப் போட்டுப் பார்த்தேன். அங்கேதான் இன்னொரு விஷயம் பிடிபட்டது. மெத்தை வெறும் சொகுசுக்கு இல்லை. ஒலியில் பாதி அதன் கையில்தான் இருக்கிறது. மலிவானது சற்றுத் தடிப்பு. காதுக்கும் ஒலிபெருக்கித் தகட்டுக்கும் இடையிலான தூரம் கூடியது; பாடுபவர் ஒரு வரிசை பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். வாய் அகலம் கூடிய மற்றொன்றில் விளிம்பு சரியாகப் படியவில்லை. கீழ்ச்சுரங்கள் இடைவெளியால் ஒழுகிப் போயின. மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடிப்பதால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கீழோசை தருகிற பக்கம், மெலிந்து கேட்கும். சந்தேகம் இருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே பாட்டை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு கோபத்தோடும் இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? தவிலுக்காக.

இணுவில் தந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். நான் அவரை நேரில் கேட்ட தலைமுறை அல்ல. என்னிடம் இருப்பவை பழைய கசெற்றுகளிலிருந்து மாற்றிய கோப்புகள்: ஒற்றைத் தட ஒலிப்பதிவு, பின்னால் ஓயாத நாடா இரைச்சல், இடையிடையே யாரோ இருமுகிற சத்தம். சாதாரண ஸ்பீக்கரில் அது ஒரே அடைமழை. இந்த ஹெட்போனில் முதன்முறை கேட்டபோது நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில், கூடு மாட்டிய விரல்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. தொப்பியில் பூவரசங் குச்சி விழுந்த பிறகு தோல் அதிர்ந்து அடங்குகிற அந்தச் சின்ன இழுவை தனியாகக் கேட்கிறது. வேகம் கூடக் கூட விரலும் குச்சியும் கலந்து குழம்ப வேண்டும், குழம்பவில்லை. அவர் கையில் அது அவ்வளவு தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. அந்தத் தெளிவை நாடா இரைச்சலுக்குள்ளிருந்து இந்தப் பெட்டி பிரித்துத் தந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்து மூச்சு வாங்குவதும், அந்த இடைவெளியில் சுருதிக் குழலான ஒத்து மட்டும் நின்று ஒலிப்பதும் காதுக்குப் பக்கத்தில் வருகின்றன. கோயில் வீதியில் மேளச் சமாவுக்கு நின்று பழகிய காதுக்கு இது என்ன சந்தோஷம் என்பதை எந்த அளவுக்குறிப்பும் சொல்லாது.

எண்பதுகளின் திரைப்பாடல்களும் அப்படித்தான். இடது காதில் வயலின்கள், வலது காதில் புல்லாங்குழல், நடுவில் குரல் என்று பிரித்து வைத்த அழகு விளங்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நல்ல ஹெட்போன் கெட்ட கோப்பை மன்னிக்காது. கைபேசியில் கைமாறிக் கைமாறி வந்த பாட்டுகளில் ஜால்ராவின் ஒலி தண்ணீருக்குள் அமுங்கியது போலச் சுருங்கிக் கேட்கும். இதை வாங்கிய பிறகு என் சேகரிப்பில் பாதியை அழித்துவிட்டு, நல்ல பதிவுகளைத் தேடத் தொடங்கினேன்.

வீட்டில் கேட்பதற்கு அடைத்த வகையா, பின்பக்கம் திறந்த வகையா என்பது பழைய விவாதம். இங்கே அதைத் தீர்ப்பது மின்விசிறி. திறந்த வகையில் காற்றோட்டம் உண்டு, காது வேகாது, ஒலியும் தலைக்குள் அடைபடாமல் விரிந்து நிற்கும். ஆனால் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிற சத்தம் அப்படியே உள்ளே வரும். மின்விசிறியை நிறுத்தினால் நீங்கள் வேகுவீர்கள். அடைத்த வகையில் மின்விசிறியின் சரசரப்பு குறையும். ஆனால் அரை மணித்தியாலத்தில் மெத்தைக்குள் வியர்வை ஊறும். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற இயந்திரத்தின் உறுமல் எதிலும் நிற்காது. அடைத்த பெட்டி மேலோசைகளைத்தான் நன்றாகத் தடுக்கும். கீழோசை ஊடுருவி வந்துவிடும். அந்த உறுமலுக்கு உதவக்கூடியது இரைச்சலை அதற்கு நேர்மாறான ஒலி அலையால் அழிக்கிற பற்றரி வகை. ஒரே சீராக ஓடுகிற சத்தத்தை அது நன்றாக விழுங்கும். காகத்தையும், படலையில் நின்று கூப்பிடுகிறவரையும் விழுங்காது.

சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டுவது மட்டும் வேண்டாம். வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை. மின்விசிறிக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போனால் அந்த எல்லை தெரியாமலே பின்னால் போய்விடும். இரவு பத்துக்குப் பிறகு ஊர் அடங்கிவிடும். அப்போது மெதுவாக வைத்துக் கேளுங்கள். தவில் கூட மெதுவாக வைத்தால்தான் அதன் நுணுக்கம் தெரியும்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று இதன் உழைப்பு. தலைவளையம் அசையவில்லை, ஒலித் தகடு ஒரு தரமும் கரகரக்கவில்லை. ஜாக் அருகே வயர் ஒருமுறை அறுந்தது. எங்கள் பக்கத்து வானொலி திருத்துகிறவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வயரைச் சீவி, புது ஜாக்கைப் பற்றவைத்துத் தந்தார். ஒரு தேநீர் குடிக்கிற நேரம்தான் எடுத்தது. ஒட்டி மூடிய வயரில்லா ஹெட்போனை அவரிடம் கொடுத்திருந்தால் திருப்பித்தான் தந்திருப்பார். 2022 பங்குனிக் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோதும் இதற்கு மின்னேற்றம் தேவைப்படவில்லை. தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லாமல், பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்ட ஊர் இது. அப்படிக் கேட்டவர்களில் ஒருவரான என் மாமா இந்த வயரைப் பார்த்து, "இதுதான் சரி, தம்பி" என்றார். எனக்கும் அதுதான் எண்ணம்.

கொழும்பில் வேலை செய்கிற நண்பன் நேற்று இரவும் கேட்டான்: "கடைசியாகச் சொல்லு மச்சான், வாங்கவா, விடவா?"

வாங்காதே என்று எழுதினேன். ஒலிக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என்னுடையதை யார் கேட்டாலும் கொடுக்கவும் மாட்டேன். ஆனாலும் வாங்காதே. விலை இறங்கியது ஹெட்போனுக்கு மட்டும்தான், மெத்தைக்கு இறங்கவில்லை. அடைத்த வகைதான் வேண்டுமென்றால் துணி மெத்தையோடு வருகிற பேயர்டைனமிக் டிடி 770 புரோ இருக்கிறது. கைபேசியில் கேட்பதானால், மின்தடை கூடிய 250 ஓம் உள்ளதை விட்டு, 80 ஓம் உள்ளதை எடு. அறை அமைதியாக இருந்தால், 1997 இல் வெளிவந்து இன்றும் பேசப்படுகிற சென்ஹைசர் எச்டி 600 இருக்கிறது. திறந்த வகை, துணி மெத்தை, கழற்றக்கூடிய வயர். 300 ஓம் என்பதால், ஒலி குறைந்த பழைய பதிவுகளுக்குக் கைபேசி போதாது. சிறிய பெருக்கி (அம்ப்ளிஃபயர்) ஒன்று வேண்டும். துணியில் தூசி பிடிக்கும், வியர்வையும் ஊறும். கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடலாம்.

எதை எடுத்தாலும், காசு கொடுக்க முன்னர் அதன் மெத்தை தனியாக விற்பனைக்கு உண்டா என்று கடைக்காரரிடம் கேள். உண்டு என்றால் ஒரு சோடியைச் சேர்த்தே வாங்கிக்கொண்டு ஊருக்கு வா. இல்லை என்றால் அந்தப் பெட்டியைத் திறக்கவும் சொல்லாதே.