வாரமொரு மாத்திரையா, ஆண்டுக்கொரு ஊசியா?

காலை ஆறு மணிக் கோப்பி இல்லாமல் அம்மாவுக்குப் பொழுது விடியாது. சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டில் எனக்கு நினைவு தெரிந்த நாளாக அதுதான் வழக்கம். எலும்பு நலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் என்று தெரிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பிக்கு முன்னால் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை வந்து நின்றது. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரில் விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, வாயில் வேறெதுவும் படவும் கூடாது. அண்மையில் அலமாரியைத் துடைத்தபோது மூன்று மாத மாத்திரைகளில் ஐந்து பிரிக்கப்படாமலே கிடந்தன. விழுங்கியவற்றையும் பாதி நாள் கோப்பியோடுதான் விழுங்கினாராம்.

இந்த மருந்துக்குக் கோப்பி பெரிய எதிரி. முறைப்படி விழுங்கினாலே நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உடலில் சேர்கிறது. கோப்பியோடு விழுங்கினால் அதிலும் ஏறத்தாழ 60 விழுக்காடு வீணாகிறது. விழுங்கியதும் படுத்துவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகலாம்.

ஆண்டுக்கொரு முறை ஊசியாகப் போடும் சோலெட்ரோனிக் அமிலமும் அந்த மாத்திரையைப் போலவே பிஸ்பாஸ்போனேட் என்னும் மருந்துக் குடும்பம்தான். எலும்பின் சுண்ணாம்புப் பரப்பில் இவை ஒட்டிக்கொள்கின்றன. எலும்பை அரிக்க வரும் உயிரணு அந்த மருந்தையும் சேர்த்து உறிஞ்சிச் செயலிழந்து மடிகிறது. ஒட்டிய மருந்து ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்குவதால்தான் ஒரே ஊசி ஓராண்டுக்குத் தாங்குகிறது. 5 மில்லிகிராமைக் கை நாளத்தில் குறைந்தது 15 நிமிடம் ஏற்றுகிறார்கள். வயிற்றுக்கு வேலையே இல்லை.

ஊசிக்கும் தொல்லை உண்டு. முதல்முறை போட்டதும் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். பெரும்பாலும் பாராசிட்டமால் போதும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு இது கூடவே கூடாது. கால்சியம், வைட்டமின் டி குறைவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வாரமே நிறுத்தலாம். ஏற்றிய ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

தாடை எலும்பு அழுகல், தொடை எலும்பில் வழக்கத்துக்கு மாறான முறிவு ஆகிய இரண்டும் மாத்திரையிலும் ஊசியிலும் அரிதாக உண்டு. அதனால்தான் மாத்திரையை ஐந்து ஆண்டு, ஊசியை மூன்று ஆண்டு கழித்து, தொடரலாமா என்று மருத்துவர் மறுபடி பார்க்கிறார்.

ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்களுக்கு மாத்திரையே போதும் என்பேன். ஆனால் எழுபது வயதில் அம்மாவின் கோப்பியோடு மல்லுக்கட்ட எனக்கு மனமில்லை. பலதுறை மருந்தகத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்றுதான் ஆடுகிறது. தாடை எலும்பை நினைத்து, முதலில் அதைப் பிடுங்கிப் புண் ஆறிய பிறகு ஊசிக்கு நாள் குறிப்போம்.