கிளின்டனா, ஜான் ஜேயா? நியூயார்க்கின் முதல் இரண்டு கவர்னர்கள்

நியூயார்க் மாநிலத்தின் 1777 அரசியல் சட்டத்தைப் பெரும்பாலும் எழுதியவர் ஜான் ஜே. அது உருவாக்கிய கவர்னர் பதவியை முதலில் பிடித்தவர் ஜார்ஜ் கிளின்டன். (பில் கிளின்டனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1777 முதல் 1795 வரை கிளின்டன், 1801 வரை ஜே, மீண்டும் 1804 வரை கிளின்டன். இருவரில் யார் மேல்?

பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர்க்காலம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கிளின்டன்தான். 1777 தேர்தலில் அவர் தோற்கடித்தது பெரும் நிலப்பிரபுவான பிலிப் ஸ்கைலரை. இவ்வளவு உயர்ந்த இடத்துக்கு வரக் கிளின்டனின் குடும்பப் பின்னணி போதாது என்று ஸ்கைலர் ஜேக்குக் கடிதமே எழுதினார். அந்த அக்டோபரில் ஹட்சன் ஆற்றங்கரைக் கோட்டைகளைப் பிரிட்டிஷ் படை தாக்கியபோது, கவர்னரே களத்தில் நின்றார். கோட்டைகள் விழுந்தன, அவர் ஆற்றைக் கடந்து தப்பினார்.

அமைதி திரும்பியதும் இருவரின் பாதைகளும் பிரிந்தன. நியூயார்க் துறைமுகத்தின் சுங்க வருமானத்தால்தான் கிளின்டனால் நிலவரியைக் குறைவாக வைத்திருக்க முடிந்தது. புதிய கூட்டாட்சி வந்தால் அந்தப் பணம் மத்திய அரசுக்குப் போய்விடும். பிறகு எப்படி ஆதரிப்பார்? 1788இல் பொக்கீப்சியில் கூடிய மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். அங்கேயே 30க்கு 27 என்ற வாக்கில் அமெரிக்க அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது. வென்ற அணியில் ஜே இருந்தார், அவருடைய அரசியல் கூட்டாளி அலெக்சாண்டர் ஹாமில்டனும் இருந்தார்.

சரி, 1792க்கு வருவோம். இந்த ஒப்பீட்டின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. அப்போது நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த ஜே, பதவியை விடாமலே கிளின்டனை எதிர்த்துப் போட்டியிட்டார். (அன்று அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை போலும்.) கிளின்டனுக்கு 8,440 ஓட்டு, ஜேக்கு 8,332. வித்தியாசம் 108தான். ஆனால் மூன்று மாவட்டங்களின் ஓட்டுகள் எண்ணப்படவே இல்லை. அதில் ஒன்றான ஒட்செகோவில் ஜேக்குத்தான் ஆதரவு அதிகம் என்று பரவலாகக் கருதப்பட்டது. பெட்டியை அனுப்பிய ஷெரீஃபின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, அதனால் அந்த ஓட்டு செல்லாது என்றார்கள். ஓட்டைச் சரிபார்த்த குழுவில் கிளின்டன் ஆட்களுக்கே பெரும்பான்மை. வேறென்ன முடிவு வந்திருக்கும்?

கிளின்டன் கள்ள ஓட்டுப் போடவில்லை. சட்டத்தின் எழுத்து தன் பக்கம் சாய்ந்தபோது பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். ஜேயின் ஆட்கள் கொதித்தார்கள். ஜே அவர்களை அமைதிப்படுத்தினார். என் கணக்கில் கிளின்டன் சறுக்கிய இடம் இதுதான்.

1795இல் கிளின்டன் ஒதுங்கிக்கொள்ள, பிரிட்டனோடு ஒப்பந்தம் பேச லண்டன் போயிருந்த ஜே ஊரில் இல்லாமலே ஜெயித்தார். இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஒப்பந்த விவரம் தேர்தலுக்குப் பிறகுதான் வெளியானது, வெளியானதும் ஊர் ஊராக அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள்.

கவர்னராக ஜே கையெழுத்திட்டவற்றில் முக்கியமானது 1799 சட்டம். அந்த ஆண்டு ஜூலை 4க்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளில் ஆண்களுக்கு 28 வயதில் விடுதலை, பெண்களுக்கு 25இல். ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்களுக்கு அதில் எதுவும் இல்லை. ஜே தானே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்றாலும் கிளின்டனின் 18 ஆண்டுகளில் இந்த அளவுக்குக்கூட நடக்கவில்லை.

நான் ஜேயைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் 1800. அந்த வசந்தத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஜேயின் கட்சி தோற்றது. எதிரணியில் ஜெயித்தவர்களில் கிளின்டனும் ஒருவர். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களை அந்தச் சட்டமன்றம்தான் நியமிக்கும். உடனே ஹாமில்டன் ஜேக்கு எழுதினார்: பழைய சட்டமன்றத்தை அவசரமாகக் கூட்டி விதியை மாற்றிவிடுங்கள், எதிரணியின் ஜனாதிபதி வேட்பாளர் ஜெஃபர்சனைத் தடுக்க வேறு வழியில்லை. சட்டப்படி அது முடியும், கவர்னர் கூட்டினால் போதும். கட்சி நலனுக்கான இந்த யோசனையை ஏற்பது எனக்குத் தகாது என்று அந்தக் கடிதத்திலேயே குறித்துவைத்தார் ஜே. சட்டமன்றத்தைக் கூட்டவில்லை.

நியூயார்க்கின் 12 வாக்குகளும் ஜெஃபர்சனுக்குப் போயின. அடுத்த ஆண்டு ஜே போட்டியிடவில்லை, கவர்னர் நாற்காலி மறுபடியும் கிளின்டனுக்கே வந்தது. 1805இல் அவர் ஜெஃபர்சனுக்குத் துணை ஜனாதிபதியும் ஆனார்.