அலமாரியில் எந்த ஆட்டத்துக்கு இடம்?

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரில், கடற்கரையை ஒட்டிய வீட்டில் புத்தகம் சேர்ப்பவருக்கு, வாங்குவதைவிடக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. உப்புக்காற்றில் தாளைக் கோத்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், ஐப்பசி மழையில் தாள் நமுத்துப்போகும். நான் சேர்ப்பது ரோல்பிளேயிங் ஆட்டங்களின் விதிப் புத்தகங்கள். ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசிப்பேசியே ஒரு கதையை வளர்க்கும் ஆட்டம் இது; பெரும்பாலும் ஒருவர் கதையை நடத்துவார். அதனால் இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று கறாராக முடிவு செய்தாக வேண்டும்.

என் அளவுகோல், ஆட வருகிறவர்கள்தான். மச்சான் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வாராவாரம் கிடைப்பார். மற்ற மாதங்களில் யார் வருவார்கள் என்பது சாயங்காலம்தான் தெரியும். ஒருவர் விதிகளைப் படித்துத் தமிழில் சொன்னால் அரைமணிக்குள் ஆட்டம் தொடங்கிவிட வேண்டும்.

முதல் போட்டி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கும் மவுஸ்ரிட்டருக்கும். முன்னது 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் தொடங்கிவைத்தது; இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது. 2014 பதிப்பில் ஆடுபவருக்கான புத்தகம் மட்டும் 320 பக்கம், 2024 பதிப்பில் 384. அதோடு அரக்கர்களைப் பற்றி ஒன்று, கதை நடத்துபவருக்கு ஒன்று. மாதக்கணக்கில் அதே ஆட்கள் தொடர்ந்து வந்தால் இதற்கு ஈடு கிடையாது. எங்களுக்கு அது வாய்க்காது. மவுஸ்ரிட்டரில் எல்லாரும் சுண்டெலி வீரர்கள். மூன்றே திறன்கள். அடி படுமா படாதா என்று பகடை உருட்டத் தேவையில்லை, நேராகச் சேதத்தை உருட்டினால் போதும். பொருள் வைக்கப் பத்துக் கட்டங்கள்தான். பசியும் களைப்பும்கூட ஒரு கட்டத்தை அடைத்துக்கொள்ளும். கயிறா, விளக்கா என்று அங்கேயே தகராறு வந்துவிடும், கதையும் அதிலிருந்தே பிறக்கும். மவுஸ்ரிட்டர் தங்கட்டும். டிராகன்ஸில் ஆடுபவர் புத்தகம் ஒன்று போதும். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

திகிலுக்கு கால் ஆஃப் கதுலுவா, டிரெட்டா? டிரெட்டில் பகடை இல்லை, மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரம்தான். ஆபத்தான காரியம் செய்ய ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் அந்தப் பாத்திரத்தின் கதை முடிந்தது. யோசனை அபாரம். ஆனால் இந்த ஈரக்காற்றில் கட்டைகள் ஊறி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன. பயத்தில் நடுங்க வேண்டிய கை எரிச்சலில் இழுக்கிறது. 1981இல் வந்த கதுலுவில் எல்லாம் சதவீதக் கணக்கு. ‘உனக்குக் காது கேட்பது 40, நூறுக்குள் உருட்டு, 40 அல்லது அதற்குக் கீழே வந்தால் கேட்கும்’ என்றால் யாருக்கும் புரியும். புத்தகம் தடிமன்தான், ஆனால் அதை நான் ஒருவன் படித்தால் போதும். எனவே கதுலு.

எனக்கு மிகப் பிடித்தது கடைசி ஜோடி. தி கொயட் இயர், ஃபியாஸ்கோ இரண்டுக்கும் கதை நடத்துபவர் வேண்டாம். 2013இல் வந்த கொயட் இயரில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு சீட்டுக்கட்டு, சில பகடை. எல்லாரும் சேர்ந்து ஓர் ஊரின் வரைபடத்தை வரைய வேண்டும். ஒரு சீட்டு என்பது ஒரு வாரம், சீட்டுக்கட்டின் நான்கு இனங்களில் ஒவ்வொன்றும் ஒரு பருவம். இஸ்பேட் ராஜா வந்தால் ஆட்டம் முடியும். ஆரம்பத்தில் ஊருக்கு எது தாராளம், எது பஞ்சம் என்று தீர்மானிக்கும்போது இங்கே யாராவது நல்ல தண்ணீரைப் பஞ்சத்தில் எழுதிவிடுவார்கள். அடுத்த வாரமே கிணறு தோண்டும் வேலை வரைபடத்தில் ஏறும், எத்தனை வாரம் ஆகும் என்று அதன்மேல் ஒரு பகடை உட்காரும். கூட்டம் கூட்டினால் ஆளுக்கு ஒரு பேச்சுதான், முடிவு எடுக்கப்படாது. தன்னைக் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்று தோன்றினால் அந்த மனக்கசப்புக்கு அடையாளமாக ஒரு வில்லையை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொள்ளலாம். அதிகம் பேசாத மச்சான், சங்கக் கூட்டங்களை வருஷக்கணக்கில் பார்த்தவர், அந்த வில்லையை எடுத்துவைக்கும் நேரத்தில் ஊர் உண்மையாகிவிடுகிறது.

2009இல் வந்த ஃபியாஸ்கோவும் ஒரே உட்காரலில் முடியும். பேராசைக்காரர்கள் திட்டம் போட்டு நாசமாகும் கதை, மூன்று முதல் ஐந்து பேர் வரை ஆடலாம். ஆனால் காட்சிக்குக் காட்சி நடித்துக் காட்ட வேண்டும். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அதற்குக் கூச்சப்படுகிறார்கள், அவர்களை வற்புறுத்த எனக்கு மனமில்லை. ராமநாதபுரத்தில் நாடகம் போடும் கல்லூரிப் பிள்ளைகள் சிலரைத் தெரியும். ஃபியாஸ்கோ அவர்களிடம் போகட்டும்.