லைக் கணக்கை யாருக்கு மறைப்பது?

கடலூர் சில்வர் பீச்சில் எடுத்த சூரிய உதயத்தைப் போட்டுவிட்டு, மஞ்சக்குப்பம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை போனை எடுத்தேன் என்று கேட்காதீர்கள். சரி, லைக் எண்ணிக்கையை மறைத்துவிடலாம் என்று இறங்கினேன்.

இன்ஸ்டாகிராம் 2021 மே மாதம் தந்த வசதி சுலபம், போனிலேயே இருக்கிறது. ஆனால் நம் படத்துக்கு விழுந்த லைக் எத்தனை என்பது ஊருக்குத்தான் தெரியாது, நமக்குத் தட்டினால் தெரியும்; முறுக்கு டப்பாவைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்துவிட்டு நாமே தின்கிற கதை.

பென் குரோசர் என்ற கலைஞர் 2012-இல் ஃபேஸ்புக்குக்காகச் செய்த டிமெட்ரிகேட்டர் என்ற சின்ன மென்பொருள் நேரெதிர். பிரவுசரில் சேர்த்தால் எண்கள் நம் கண்ணிலிருந்தே போய்விடும், மற்றவர்களுக்கு அப்படியே தெரியும். போன் செயலிக்கு உதவாது, அதுதான் குறை.

என் ஓட்டு இரண்டாவதற்கே. ஊர் பார்ப்பதா என் பிரச்சினை? நான் பார்ப்பதுதான்.