வாளிலிருந்து மண்வெட்டிக்கு: ‘வாகபாண்ட்’ பெருந்தொகுப்பு

தாகெஹிகோ இனோவேயின் ‘வாகபாண்ட்’ 1998ஆம் ஆண்டு கோதான்ஷா நிறுவனத்தின் ‘மார்னிங்’ வார இதழில் தொடங்கிய சாமுராய் மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. இதுவரை 37 தொகுதிகள் வந்துள்ளன. 2015ஆம் ஆண்டில் நின்றுபோன தொடர் இன்னும் முடிவு பெறவில்லை. முடியாத கதைக்குப் பணத்தையும் பல மாத மாலைகளையும் செலவிடலாமா என்று தயங்குகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நான் வாசித்தது, மூன்று தொகுதிகளை ஒன்றாகக் கட்டி விஸ் நிறுவனம் ஆங்கிலத்தில் வெளியிட்ட 12 பெரிய புத்தகங்களை. அந்தக் கணக்கில் அடங்காத 37ஆம் தொகுதியைச் சிறிய அளவில் தனியே வாங்க வேண்டியிருப்பதால், அலமாரியில் அது மாற்றாந்தாய்ப் பிள்ளைபோல் ஒதுங்கி நிற்கிறது.

எய்ஜி யோஷிகாவா 1935 முதல் 1939 வரை அசாஹி நாளிதழில் எழுதிய ‘முசாஷி’ நாவலே இதற்கு மூலம். 1600ஆம் ஆண்டு செகிகஹாரா போர் முடிந்த களத்தில், பிணங்களுக்கு நடுவே உயிர் பிழைத்துக் கிடக்கும் இரண்டு கிராமத்து இளைஞர்களோடு கதை தொடங்குகிறது. அவர்களில் தாகேஸோ என்பவன்தான் பின்னர் புகழ்பெற்ற வாள்வீரன் மியாமோத்தோ முசாஷி ஆகிறான். தனக்கு நிகர் எவருமில்லை என்று நிறுவுவதற்காக ஊர் ஊராகச் சென்று வாளோடு மோதுகிறவனின் கதையாகவே முதல் சில தொகுதிகள் நகர்கின்றன. விறுவிறுப்புக்குக் குறைவில்லை என்றாலும், அவை மட்டுமே இருந்திருந்தால் இத்தனை பக்கங்களை நான் வாசித்திருக்க மாட்டேன்.

திருப்பம் கோஜிரோவோடு வருகிறது. 14ஆம் தொகுதியில் முசாஷியை அப்படியே விட்டுவிட்டு, அவனுடைய எதிரியாகப் பின்னர் பேசப்படப்போகும் சசாகி கோஜிரோவின் குழந்தைப் பருவத்துக்கு இனோவே போய்விடுகிறார். நாவலில் இல்லாத துணிச்சலாக, இங்கே கோஜிரோ காது கேளாதவன். பேச்சுக்கு இடமில்லாத அந்தப் பக்கங்களில் முகங்களும் கடலும் வாளின் அசைவுமே கதையைச் சொல்கின்றன. தொடக்கத்தில் பேனாவால் வரைந்தவர் இந்தக் கட்டத்தில் தூரிகையைக் கையில் எடுக்கிறார். கோடு தடித்தும் வறண்டும் ஓடும்போது, வாள்வீச்சின் வேகம் மையின் ஈரத்திலேயே தெரிகிறது. பெருந்தொகுப்பின் அகலமான பக்கம் தன் விலைக்கு நியாயம் செய்வது இங்கேதான்.

யோஷியோகா வாள்பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 70 பேரை முசாஷி தனியாளாக எதிர்கொள்ளும் போரைப் பலரும் உச்சம் என்பார்கள். அதில் வீரத்தைவிடக் களைப்பே மிகுதியாகத் தெரிகிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது. காலில் காயத்தோடு வெளியே வருகிறவனுக்குத் தான் எதை வென்றோம் என்றே விளங்குவதில்லை. ஒட்சு என்னும் பெண் பாத்திரத்துக்கு மட்டும் ஆசிரியர் உரிய இடம் தரவில்லை. காத்திருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லாமல் போவது பெரிய குறை.

இதற்குப் பிறகு வரும் உழவுப் பகுதியைச் சலிப்பு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கோ முழுத் தொடரிலும் அதுவே சிறந்த பகுதி. தந்தையை இழந்த இயோரி என்ற சிறுவனோடு ஒரு வறண்ட கிராமத்தில் தங்கும் முசாஷி, எதுவும் விளையாத மண்ணை வாளைப் போலவே அடக்கிவிடலாம் என்று நினைத்துத் தோற்கிறான். வெள்ளமும் பஞ்சமும் அடுத்தடுத்து வந்து, ஊரே பசியில் சுருளும்போது, எவனுக்கும் தலைவணங்காதவன் பிறருக்காக உணவு கேட்டுக் கையேந்துகிறான். மண்ணையும் நீரையும் அறிந்த முதிய உழவர் ஒருவரிடம் நாற்று நடக் கற்கும் காட்சிகளில், சேற்றில் பதியும் கால்களை இனோவே சண்டைக் காட்சிக்குரிய அதே கவனத்தோடு வரைந்திருக்கிறார்.

கன்ரியூ தீவில் 1612ஆம் ஆண்டு நடந்ததாகச் சொல்லப்படும் முசாஷி–கோஜிரோ மோதலுக்காகவே வாசிக்கிறவர்களுக்கு ஏமாற்றம் உறுதி, கதை அங்கே போய்ச் சேரவில்லை. மற்றவர்கள் தயங்காமல் வாங்கலாம். முதல் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்க நினைத்தால், கோஜிரோ வந்து சேரும் ஐந்தாம் புத்தகம் வரையாவது தீர்ப்பைத் தள்ளிவையுங்கள்.